பாலர் நிலைய உபாத்தியாயினியின் பயிற்சியும் நமது சங்கங்களின் கடமையும்

நாற்றங்காலில் நேர்ந்த குறையை, நடவுக்குப் பின் எவ்வளவு எரு இட்டாலும் முற்றும் நிவர்த்தி செய்ய இயலாதென்பது பயிரிடுவோர் யாவரும் அறிந்ததே. குழந்தைகளின் கல்வியும் இத்தன்மையதே. முதல் வகுப்பில் சேருகிற நாளிலேயே சில குழந்தைகள் சொல்வதைக் கேட்டு, கேட்டதற்கு விடை கூறி, பிற குழந்தைகளோடு கூடி அமர்ந்து கற்கும் பக்குவத்துடன் வருகின்றன. வேறு சில வாய் திறவாமலும், கரிக்கோலைப் பற்றத் தெரியாமலும், அழுதுகொண்டும் வருகின்றன. இரண்டாம் வகையினரை ‘மந்தபுத்தி’ என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அவர்களிற் பெரும்பாலோர்க்குக் குறைந்தது புத்தியன்று. மூன்று வயது முதல் ஐந்து வயது வரை கிடைத்திருக்க வேண்டிய பழக்கமே குறைந்தது.

அப்பழக்கத்தை அளிக்க வேண்டியவர் அங்கன்வாடி என்று வழங்கும் பாலர் நிலையத்து உபாத்தியாயினி ஆவார். அவருக்குத் தகுந்த பயிற்சி எவ்வாறு கிடைக்கும் என்பதையும், அதன்பொருட்டுக் கிராம ஐக்கிய சங்கங்கள் செய்யத்தக்கது யாது என்பதையும் விளக்குவது இப்பாடத்தின் நோக்கம். சங்கத்தின் மாதக் கூட்டத்தில் இதனை ஒருவர் உரக்க வாசிக்க, ஏனையோர் கேட்டு, இறுதியிலுள்ள வினாக்களைப் பற்றிக் கலந்து பேசுதல் நலம்.

1. நமது ஜில்லாவின் நிலைமை

வேலூர் ஜில்லாவிலிருந்து 2019-ஆம் வருஷம் நவம்பர் 28-ஆம் தேதி பிரிந்து தனி ஜில்லாவான திருப்பத்தூரில், திருப்பத்தூர், நாட்றம்பள்ளி, வாணியம்பாடி, ஆம்பூர் என்னும் தாலூகாக்கள் அடங்கியுள்ளன. பாலாற்றங்கரையிலுள்ள ஆம்பூரும் வாணியம்பாடியும் தோல் பதனிடுந் தொழிலுக்குப் பெயர்பெற்றவை. சுற்றுக் கிராமங்களின் பெண்மக்கள் பலர் காலையில் ஷூ கம்பெனி வண்டியேறிச் சென்று மாலையில் திரும்புகின்றனர். வேறு பலர் வீட்டிலேயே பீடி சுற்றுகின்றனர். வயல் வேலைக்குச் செல்வோரும் உளர். தாய் வேலைக்குச் செல்லும் வீடுகளில், குழந்தை விழித்திருக்கும் பொழுதிற் பெரும்பகுதி பாட்டியிடத்தோ, மூத்த சகோதரியிடத்தோ, பாலர் நிலையத்திலோ கழிகின்றது.

இன்னொரு விசேஷமும் கவனிக்கத்தக்கது. ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரங்களில் உருது பேசும் குடும்பங்கள் பலவுண்டு. தெலுங்கு பேசுவோரும் உளர். ஜவ்வாது மலைமேலுள்ள புதூர்நாட்டுச் சிற்றூர்களின் நிலைமை வேறு. அங்கே வீடுகள் சிதறியுள்ளன. உபாத்தியாயினிக்குத் தம் தொழிலைப்பற்றிப் பேசுதற்கு அருகில் ஒரு துணையும் இராது. ஆகவே எல்லா நிலையங்களுக்கும் ஒரே அச்சில் வார்த்த பயிற்சி இங்கே பயன்படாது.

2. பள்ளிக்கு ஆயத்தம் என்பது யாது?

பள்ளியிற் சேருமுன்னரே அகர வரிசையை முழுவதும் எழுதிக்காட்டுவதே ஆயத்தம் என்று பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். இது சரியன்று. ஆயத்தம் என்பது ஐந்து பகுதிகளை உடையது.

முதலாவது, உடலின் ஆயத்தம்: போதிய உணவு, நோயின்மை, ஓடவும் குதிக்கவும் வல்ல கால், சிறு பொருளை எடுத்து வைக்கவல்ல விரல். இரண்டாவது, செவியும் நாவும்: கதையைக் கேட்டு அதனைத் தன் சொல்லால் திருப்பிக் கூறுதல், ‘பல்’, ‘கல்’ என்னுஞ் சொற்களின் ஒலி ஒத்திருப்பதையும் வேறுபடுவதையும் அறிதல். மூன்றாவது, எண்ணுணர்ச்சி: அதிகம், குறைவு, பெரிது, சிறிது, முன், பின் என்பவற்றைப் பொருள்களைக்கொண்டு உணர்தல். நான்காவது, கூடிவாழும் பழக்கம்: தன் முறை வரும்வரை காத்திருத்தல், பகிர்ந்துகொள்ளுதல், தாயைப் பிரிந்து சில மணிநேரம் இருத்தல். ஐந்தாவது, அறியும் ஆவல்: ‘ஏன்?’ என்று கேட்கும் துணிவு.

எழுத்தறிவு இவ்வைந்தின்மேல் எழும் சுவரேயன்றி அஸ்திவாரமன்று. அஸ்ஸாம், ராஜஸ்தான், தெலுங்கானா ஆகிய ராஜ்யங்களில் ஏறத்தாழ 14,000 குழந்தைகளை நான்கு வயது முதல் எட்டு வயது வரை தொடர்ந்து கவனித்து 2017-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, ஐந்து வயதுக் குழந்தைகளின் ஆயத்தம் எதிர்பார்த்த அளவினும் மிகத் தாழ்ந்திருப்பதைக் காட்டிற்று. வயதுக்கேற்ற விளையாட்டு முறையில் நடத்தப்பட்ட நிலையங்களின் குழந்தைகளே மேம்பட்டனர் என்பதும் அதனால் விளங்கியது. நிலையம் இருந்தால் மாத்திரம் போதாது. அதன் உள்ளே நடப்பது யாதென்பதே முக்கியம்.

3. பாலர் கல்விப் பயிற்சியின் வரலாறு

சிறு குழந்தைகளுக்குக் கற்பிப்பதும் பயின்றறிய வேண்டிய ஒரு தொழில் என்னும் எண்ணம் நம் நாட்டுக்குப் புதிதன்று. இத்தாலிய நாட்டு அம்மையார் மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, தாம் இந்தியாவில் நடத்திய முதற் பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். பல மாகாணங்களிலிருந்தும் சுமார் 300 பேர் அதிற் பயின்றனர். குழந்தை தன் கையால் செய்தே கற்கும், பெரியவர் வழியமைத்துக் கொடுத்துவிட்டு விலகி நின்று கவனிக்க வேண்டும் என்பது அவர் போதனையின் சாரம்.

ஆயினும் அம்முறைக்குரிய கருவிகள் விலையுயர்ந்தவை, கிராமங்களுக்கு எட்டாதவை. இத்தடையை நீக்கியவர் ஸ்ரீமதி தாராபாய் மோடக். அவர் 1945-இல் பம்பாய்க்கு வடக்கே கடற்கரையிலுள்ள போர்டி கிராமத்திற் பாலர் கல்வியைத் தொடங்கி, ஸ்ரீமதி அனுதாய் வாக் துணைபுரிய அதனை வளர்த்தார். சிப்பி, கூழாங்கல், இலை, விதை முதலிய கிராமத்துப் பொருள்களே அவர்களுக்குக் கருவிகளாயின. பள்ளிக்கு வாராத ஏழைக் குழந்தைகளை நாடி, அவர்கள் வீட்டு முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுசென்றனர். முற்றம் என்னும் பொருளுடைய ‘அங்கன்’ என்ற சொல்லிலிருந்து வந்ததே அங்கன்வாடி என்னும் பெயர்.

அதே 1945-இல் சேவாகிராமத்திற் கூடிய மகாநாடு, ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளையும் ஆதாரக் கல்வியின் எல்லைக்குட் கொணர்ந்தது. பின்னர் 1975-ஆம் வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி 33 இடங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அங்கன்வாடியை நாடெங்கும் பரப்பிற்று. தமிழ்நாட்டில் 1982-இல் ஏற்பட்ட சத்துணவுத் திட்டம் கிராமத்துப் பாலர்களுக்கு நாள்தோறும் உணவை உறுதிசெய்தது. இப்பொழுது இந்த ராஜ்யத்தில் 54,000-க்கு மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. உணவைப் பொறுத்தமட்டில் நாம் அடைந்த வெற்றி பெரிது. கல்வியைப் பொறுத்தமட்டில் வேலை இன்னும் மிகுதியாக இருக்கின்றது. மத்திய சர்க்கார் 2023-ஆம் வருஷம் மே மாதத்தில், போஷணையோடு படிப்பும் வேண்டும் என்னும் கருத்துடன் அங்கன்வாடி ஊழியர்க்கென ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது இதுகருதியே.

4. நல்ல பயிற்சியின் இலக்கணம்

பயிற்சி என்றவுடன், பெரிய மண்டபத்தில் நூறுபேரை இருத்தி, ஒருவர் பிரசங்கம் செய்து, பிற்பகலில் அத்தாட்சிப் பத்திரம் வழங்கி அனுப்புவது பலருக்கு நினைவில் வரும். மேலிடத்தில் ஒருவர் கற்று, அவர் பத்துப்பேருக்குச் சொல்லி, அவர்கள் நூறுபேருக்குச் சொல்லும் முறையும் உண்டு. ஏரிநீர் மதகினின்று புறப்பட்டுக் கால்வாய் தோறுங் கசிந்து கடைமடைக்கு ஈரமாய் மாத்திரம் போய்ச்சேர்வது போல, இவ்வழியில் வரும் அறிவும் கடைசி நிலையத்தை அடையும்போது சில வாக்கியங்களாகச் சுருங்கிவிடக்கூடும்.

இதற்கு மாறான ஒரு முறையை ஆப்பிரிக்காவிலுள்ள கானா தேசத்திற் சோதித்துப் பார்த்தனர். அக்ரா நகரையும் அதன் சுற்றுப்புறங்களையும் சேர்ந்த 240 பள்ளிகளில் 2015-இல் அச்சோதனை தொடங்கிற்று. பாலர் வகுப்பு ஆசிரியர்களுக்கு வருஷத் தொடக்கத்தில் 5 நாள், இரண்டாம் பருவத்தில் 2 நாள், மூன்றாம் பருவத்தில் 1 நாள் என ஆக 8 நாளே பயிற்சி. ஆனால் இடையிடையே பயிற்சியாளர் வகுப்புக்கே வந்து, ஆசிரியர் கற்பிப்பதைக் கண்டு, யோசனை கூறிச் சென்றார். இவ்வகைப் பயிற்சி பெற்ற ஆசிரியர்களின் குழந்தைகள் ஏனையோரினும் ஓரளவு கூடுதலான ஆயத்தம் பெற்றனர். கற்றதைச் செய்துபார்க்க இடைவெளியும், செய்வதைக் காண ஒரு நண்பரும் இருந்தமையே இம்முறையின் சிறப்பு.

அதே சோதனையில் எச்சரிக்கையான செய்தியும் ஒன்றுண்டு. சில பள்ளிகளில் ஆசிரியர் பயிற்சியோடு பெற்றோர்க்கும் கூட்டங்கள் நடத்தி, விளையாட்டு முறையின் சிறப்பைப் படக்காட்சியாற் காட்டினர். அப்பள்ளிகளில் மேற்கூறிய நற்பயன் காணப்படவில்லை. பெற்றோரை விலக்கிவைக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. பெற்றோர்க்கு உபதேசம் செய்தால் மாத்திரம் அவர் மனம் மாறிவிடும் என்று எண்ணலாகாது என்பதே நாம் கொள்ளத்தக்க பாடம். ‘என் பிள்ளை எழுதவில்லையே’ என்னும் தாயின் கவலையை முதலிற் பொறுமையாய்க் கேட்டல் வேண்டும்.

ஆகவே பயிற்சிக்கு நான்கு இலக்கணங்கள் கூறலாம். அது சிறுசிறு தவணைகளாய் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு தவணையிலும் மறுநாட் காலையிலேயே செய்யக்கூடிய ஒரு காரியத்தைக் கற்பித்தல் வேண்டும். கற்றதை நிலையத்திலேயே வந்து காண்பவர் ஒருவர் வேண்டும். ஒரே தொழில் செய்வோர் கூடித் தத்தம் அனுபவத்தைப் பரிமாறிக்கொள்ள இடம் வேண்டும்.

5. பயிற்சி பயன்படுதற்கு நேரம் வேண்டும்

எத்துணைச் சிறந்த பயிற்சியாயினும், அதனைச் செயலிற் காட்ட நேரமில்லையெனில் வீணாகும். அங்கன்வாடி உபாத்தியாயினி உணவைக் கவனிக்கிறார். குழந்தைகளின் எடையும் உயரமும் அளக்கிறார். கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் வீடு தேடிச் சென்று பார்க்கிறார். தடுப்பூசி நாட்களில் துணைபுரிகிறார். கணக்குகளைப் பதிவேட்டிலும் கைப்பேசியிலும் பதிகிறார். கல்விக்கென வகுத்த நேரம் இவற்றிடையே தேய்ந்துபோகின்றது.

நம் தமிழ்நாட்டிலேயே நான்கு ஜில்லாக்களைச் சேர்ந்த 320 அங்கன்வாடிகளில் நடந்த ஒரு சோதனை இவ்விஷயத்தைத் தெளிவுபடுத்துகிறது. பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் அவருடைய சகாக்களும் அதன் முடிவை 2021-இல் வெளியிட்டனர். சில நிலையங்களுக்கு, பாலர் கல்வியை மாத்திரம் கவனிக்க அரைநாள் ஊழியர் ஒருவர் கூடுதலாக நியமிக்கப்பட்டார். அந்நிலையங்களிற் கற்பிக்கும் நேரம் இருமடங்காயிற்று. 18 மாதங்களுக்குப் பின் அங்குள்ள குழந்தைகள் கணக்கிலும், அதனினும் மிகுதியாக மொழியிலும் முன்னேறியிருந்தனர். பழைய ஊழியர்க்குப் போஷணை வேலைக்கு அவகாசம் கிடைத்தமையால், வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் விகிதமும் குறைந்தது. செலவைக் காட்டிலும் பயன் மிகப் பெரிதென்று கணக்கிட்டுள்ளனர்.

ஊழியரை நியமிப்பது சர்க்காரின் வேலை. சங்கம் அதனைச் செய்ய இயலாது. ஆனால் இருக்கும் நேரத்தைக் காப்பாற்றுவது ஊராரின் கையில் உள்ளது. காலை இரண்டு மணிநேரம் உபாத்தியாயினியை வேறெதற்கும் அழைக்கலாகாது என்று ஊர் ஒருமுகமாய்த் தீர்மானிப்பதற்கு ஒரு காசும் செலவில்லை.

6. பயிற்சியிற் கற்பிக்கத்தக்க மூன்று மாதிரிகள்

(அ) எண்: புளியங்கொட்டைகளை இரண்டு கொட்டாங்கச்சிகளில் இட்டு, ‘எதில் அதிகம்?’ என்று கேட்க. விடை கூறிய குழந்தையை, ‘எப்படிக் கண்டாய்?’ என்று மறுபடி கேட்க. ஒன்றுக்கு ஒன்றாக எடுத்து வரிசைப்படுத்திப் பார்க்கும்படி விடுக. ஒன்று முதல் நூறு வரை மனப்பாடமாய் ஒப்புவித்தலைக் காட்டிலும் இது பெரிய கணிதம். பல்லாங்குழி அறிந்த பாட்டிமார் ஊருக்கு ஒருவரேனும் இருப்பர். அவரை வாரமொருமுறை நிலையத்துக்கு அழைக்கலாம். நான்கு வயதுக்குட்பட்டோர் சிறு விதைகளை மூக்கிலும் வாயிலும் இட்டுக்கொள்வராதலின், அவர்களுக்குப் பெரிய பொருள்களையே அளித்தல் வேண்டும்.

(ஆ) மொழி: உருது பேசும் குழந்தை தமிழ் நிலையத்திற் பேசாதிருந்தால் அதனை ஊமையென்றோ மந்தமென்றோ கருதலாகாது. தண்ணீரைப் ‘பானி’ என்று அறிந்த குழந்தைக்குத் தண்ணீர் என்ற பொருள் முன்னமே தெரியும். இன்னொரு பெயர் மாத்திரமே வேண்டும். பசி, தாகம், வலி, வீடு, அம்மா முதலாக முப்பது சொற்களை உபாத்தியாயினி அக்குழந்தையின் மொழியிற் கற்றுக்கொள்வாராயின், முதல் வாரத்து அழுகை பாதி தணியும். குழந்தை முதலில் தன் மொழியிற் கதை கூறட்டும். பின்னர் அதே கதையைத் தமிழிற் கேட்கட்டும். தாய்மொழியில் தொடங்குதலே சிறந்ததென ஐக்கிய நாட்டுக் கல்வி ஸ்தாபனமாகிய யுனெஸ்கோவும் 1953-இலேயே வற்புறுத்தியுள்ளது.

(இ) கை: கரிக்கோலைப் பிடிக்குமுன் விரல் வலுப்பெறுதல் வேண்டும். களிமண் பிசைதல், மணலிற் கோடிழுத்தல், கோலத்துக்குப் புள்ளி வைத்தல், நூலிற் பூக்கோத்தல் ஆகியவை போதும். நமது ஊர்களில் எளிதிற் கிடைக்கும் தோல் துணுக்குகளை விளையாடக் கொடுப்பது கூடாது. குரோமிய உப்பினால் பதனிட்ட தோலைச் சிறு குழந்தைகள் வாயில் வைத்துக் கடிப்பது தீங்காகும். துணியும் ஓலையும் காகிதமும் அவற்றின் இடத்தை நிரப்பும்.

7. நமது சங்கங்கள் செய்யக்கூடியவை

‘கடன் கொடுத்து வாங்கும் சங்கத்துக்கும் பாலர் நிலையத்துக்கும் என்ன சம்பந்தம்?’ என்று சிலர் கேட்கலாம். ஆமதாபாத்தில் ‘சேவா’ என்னும் பெண் தொழிலாளர் சங்கத்தின் முயற்சியால், குழந்தைகளைப் பேணும் பெண்களே அங்கத்தினராகி ‘சங்கினி’ என்னும் ஐக்கிய சங்கத்தை 1986-இல் அமைத்தனர். கேடா ஜில்லாவிலும் புகையிலை வேலைசெய்யும் பெண்களின் குழந்தைகளுக்காக ‘சைசவ்’ என்னும் சங்கம் பின்னர் எழுந்தது. தாய் கவலையின்றி வேலைக்குச் சென்றால் குடும்ப வருமானம் உயரும். வருமானம் உயர்ந்தால் கடன் தவணை தவறாது. இக்கணக்கு நமது அங்கத்தினர்க்கு எளிதில் விளங்கும். சங்கங்கள் செய்யத்தக்கன பின்வருமாறு:

முதலாவது, மாதம் ஒருமுறை அண்டையிலுள்ள ஐந்தாறு நிலையங்களின் உபாத்தியாயினிகள் கூடுதற்குச் சங்கக் கட்டிடத்தில் இடமும், வண்டிச் சத்தமும், சிற்றுண்டியும் அளித்தல். மலையூர்களில் இக்கூட்டத்தை முறைவைத்து ஊர்தோறும் நடத்தலாம். சங்க விதிகள் இடந்தருமளவில் ஆதாயத்தின் ஒரு சிறு பகுதியை இதற்கு ஒதுக்கலாம்.

இரண்டாவது, ஓய்வுபெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியர் ஒருவரை, குழந்தை வளர்ச்சித் திட்ட அதிகாரியின் சம்மதம் பெற்று, மாதம் ஒருமுறை நிலையத்துக்கு அனுப்புதல். இவர் குற்றங்காணும் பரிசோதகர் அல்லர். அவர் மூன்றே விஷயங்களைக் குறித்துக்கொள்ளட்டும்: குழந்தைகள் பேசிய நேரம் அதிகமா, உபாத்தியாயினி பேசிய நேரம் அதிகமா? எத்தனை குழந்தைகளைப் பெயர்சொல்லி அழைத்தார்? அன்று ஒரு சொல்லும் பேசாத குழந்தை எது? கண்ட நன்மையை முதலிற் கூறி, அடுத்த மாதத்துக்குள் மாற்றத்தக்க ஒன்றை மாத்திரம் இருவரும் கலந்து தீர்மானித்தல் போதும்.

மூன்றாவது, முதல் வகுப்பு ஆசிரியரும் பாலர் நிலைய உபாத்தியாயினியும் வருஷத்தில் இருமுறையேனும் சந்திக்கும்படி செய்தல். பள்ளியிற் சேருமுன் குழந்தைகள் கூட்டமாய்ச் சென்று முதல் வகுப்பில் ஒரு நாழிகை அமர்ந்து வந்தால், முதல்நாள் அச்சம் நீங்கும்.

நான்காவது, பெற்றோர் கூட்டத்தை ஷூ கம்பெனிக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமையில் வைத்தல். வேலைநாளில் வைத்துவிட்டுத் தாய்மார் வரவில்லையென்று குறைகூறுவது நியாயமன்று. பெண்கள் பலர் வேலைசெய்யும் தொழிற்சாலைகளில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்பது 1948-ஆம் வருஷத்துச் சட்டம் முதல் ஏற்பட்ட நியதி என்பதையும் அக்கூட்டத்தில் எடுத்துரைக்கலாம்.

ஐந்தாவது, உபாத்தியாயினியை மதித்தல். சொற்ப ஊதியத்துக்கு உழைக்கும் அவரை ‘சோறு போடும் ஆயா’ என்று ஊர் அழைக்குமாயின், எந்தப் பயிற்சியும் அவருக்கு ஊக்கம் தராது. ஊர்ப் பெரியவர்கள் அவரை ‘டீச்சரம்மா’ என்று அழைக்கத் தொடங்கினால், குழந்தைகளும் பெற்றோரும் அவ்வாறே நடப்பர்.

8. பாடச் சுருக்கம்

பள்ளிக்கு ஆயத்தம் என்பது எழுத்தறிவு மாத்திரமன்று. உடல், மொழி, எண்ணுணர்ச்சி, கூடிவாழ்தல், ஆவல் ஆகிய ஐந்துமாம். அதனை அளிப்பவர் உபாத்தியாயினி. அவர் ஒருநாட் பிரசங்கத்தாற் கற்கமாட்டார். தவணைப் பயிற்சியாலும், வந்து காணும் நண்பராலும், உடன்தொழில் செய்வோர் கூட்டுறவாலுமே கற்பார். கற்றதைச் செய்ய அவருக்கு இடையூறில்லாத இரண்டு மணிநேரம் வேண்டும். இவற்றிற் பெரும்பகுதி சங்கத்தின் சக்திக்கு உட்பட்டதே. இவ்வருஷம் நாம் கவனியாமல் விட்ட நான்கு வயதுக் குழந்தைக்கு மறுபடி நான்கு வயது வாராது.

9. கலந்து பேசுதற்குரிய வினாக்கள்

1. நமது ஊர்ப் பாலர் நிலையத்தில் நேற்றுக் காலை கல்விக்கென்று எவ்வளவு நேரம் கிடைத்தது? அதனைக் குறைத்த வேலைகள் யாவை?

2. நமது நிலையத்துக் குழந்தைகள் வீட்டிற் பேசும் மொழிகள் எவை? அவற்றை அறிந்து துணைபுரியக்கூடியவர் யார்?

3. கடந்த வருஷம் முதல் வகுப்பிற் சேர்ந்த குழந்தைகளில் பேசத் தயங்கினோர் எத்தனைபேர் என்று அவ்வகுப்பு ஆசிரியரைக் கேட்டறிந்தோமா?

4. மாதக் கூட்டத்துக்கு எந்த நாளும் நேரமும் உபாத்தியாயினிகளுக்கு ஏற்றது? அதனை அவர்களையே கேட்டோமா?

5. மேற்கூறிய ஐந்து காரியங்களில் எதனை அடுத்த மாதமே தொடங்கலாம்? பொறுப்பேற்பவர் யார்? தீர்மானத்தைச் சங்கத்தின் நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதுக.